நடுவழி ஊர்கள்

1930 ஏப்ரல் 13, சித்திரை மாதப் பிறப்பு. திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு ராஜாஜி புறப்பட்டார். ஏப்ரல் 28-ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார். 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். நான் படித்த பாடப்புத்தகத்தில் இவ்வளவுகூட இல்லை. காந்தி தண்டிக்கு நடந்தார், ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தார் என்று ஒரே வாக்கியம். தேர்வில் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ பகுதியில் வரும். ஒரு மதிப்பெண்.

அந்த ஒரு மதிப்பெண்ணை எழுதி வாங்கிய எங்கள் பள்ளிக்கூடம், ராஜாஜியும் தொண்டர்களும் நடந்துபோன சாலையின் ஓரத்திலேயே இருந்தது. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்குப் போகிற வழி. வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் அந்தச் சாலை தெரியும். அந்தச் சாலைக்கும் அந்த வாக்கியத்துக்கும் தொடர்பு உண்டென்று பள்ளியில் யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

சித்திரையில் சில வருஷம் நினைவு யாத்திரை எங்கள் ஊர் வழியாக வரும். அன்றைக்கு எங்களை வரிசையாகச் சாலையோரம் நிறுத்திவிடுவார்கள். கையில் காகிதக் கொடி. வெயில் ஏறும், சின்னப் பிள்ளைகள் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நிற்கும். முதலில் ஒலிபெருக்கி கட்டிய வேன், பிறகு கதர்ச் சட்டைக்காரர்கள், கடைசியில் ஜீப். நின்று பேசுவார்கள். தலைவர்கள் பெயர் வரும், தியாகம் என்ற சொல் பலமுறை வரும், எங்கள் ஊர்ப் பெயர் மட்டும் வராது. அவர்கள் போன பிறகு ஆளுக்கொரு மிட்டாயோடு வகுப்புக்குத் திரும்புவோம்.

வீட்டில்தான் வேறு கதை கிடைத்தது. என் அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து கொடியை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கா வெயில்ல நின்ன? அந்த வாய்க்கா மதகுப் புளியமரம் இருக்குல்ல, அதுலதான் சோத்துப் பொட்டலத்தக் கட்டித் தொங்கவிட்டாங்கன்னு எங்க மாமியா சொல்லும். போலீசு பாத்தா புடிச்சிக்கிட்டுப் போயிருமாம். மரத்துல தொங்குனா யாரு கட்டுனதுன்னு எப்படிக் கண்டுபுடிப்பான்?” என்றார். எனக்கு அன்றைக்குத்தான் அந்த யாத்திரை பிடிபட்டது. மறுநாள் போய் அந்தப் புளியமரத்தை நிமிர்ந்து பார்த்தேன். எந்தக் கிளையாக இருக்கும் என்று நெடுநேரம் தேடினேன்.

மரத்தில் சோறு தொங்கியதற்குக் காரணம் ஓர் அரசாங்க உத்தரவு. அப்போதைய தஞ்சாவூர் கலெக்டர் ஜே.ஏ. தார்ன். யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் தங்க இடம் கொடுக்கிறவர்களுக்கும் ஆறு மாதம் சிறை, அபராதம் என்று அவர் ஊர் ஊராக அறிவித்தார். நடப்பவர்களைத் தடுத்து நிறுத்துவதைவிட அவர்களைப் பட்டினி போடுவது எளிது என்று நினைத்தார். காவிரிப் படுகை மக்கள் அதற்குத் தங்கள் வழியில் பதில் சொன்னார்கள். சாலையோர மரக்கிளைகளில் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் தொண்டர்கள் இளைப்பாற உட்கார்ந்தால், எங்கே தோண்டினால் சோற்றுப் பாத்திரம் கிடைக்கும் என்பதற்கு அடையாளம் வைக்கப்பட்டிருந்தது. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் ஒளிவு மறைவே இல்லாமல் தம் வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். தடையை மீறியவர்கள் சிறைக்குப் போனார்கள். அரசாங்கத்தின் மேல் மக்களுக்கு ஏதாவது பற்று இருந்திருந்தாலும் அது இப்போது செத்துவிட்டது என்ற பொருளில் தார்னே பின்னர் எழுதவேண்டி வந்தது.

நூறு பேர் நடந்தார்கள். ஏறக்குறைய பதினைந்து நாள், 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர். நாளொன்றுக்குச் சராசரியாகப் பத்து மைல். அந்த நூறு பேர் வேதாரண்யம் வரைக்கும் நடந்து போக முடிந்ததற்குக் காரணம் வழியில் இருந்த ஊர்கள். தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி; இடையில் பெயர் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத எத்தனையோ சிற்றூர்கள். இந்தப் பாதையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றால் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். ஆசிரியராக இருந்த காலம் முழுக்க நான் சொல்லிவந்தது இதுதான். ஓய்வுபெற்ற பிறகும் இதைத்தான் சொல்கிறேன்.

இப்போது காலம் மாறியிருக்கிறது. இந்தப் பாதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டலாம் என்று திட்டம் போட ஆசிரியர்களும் இளைஞர்களும் சேர்ந்து உட்காருகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். கைபேசியில் வரைபடம் வைத்திருக்கிறார்கள். எந்தத் தேதியில் எந்த ஊர் என்று குறித்திருக்கிறார்கள். கல்வெட்டுக்குப் பக்கத்தில் கைபேசியைக் காட்டினால் ஒலிக்கதை கேட்கும்படி செய்யலாம் என்கிறார்கள். நான் வரவேற்கிறேன். காகிதக் கொடியோடு வெயிலில் நின்ற காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

ஆனால் முதல் கூட்டத்தில் பேச்சு பெரும்பாலும் இரண்டு முனைகளைப் பற்றியே போனது. திருச்சியில் ஒரு பெரிய வளைவு, அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூணருகே ஒலி ஒளிக் காட்சி, இரண்டு இடத்திலும் படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை. நடுவில் இருக்கும் 240 கிலோமீட்டருக்கு? “பஸ்ல போறப்ப ஒரு வீடியோ போட்டுரலாம் சார்” என்றார் ஓர் இளைஞர். நல்ல பையன், ஆர்வத்தோடு வந்தவன். அவனிடம் நான் கேட்டேன்: “தம்பி, பஸ்ல உட்கார்ந்து போறவனுக்குப் பொட்டலச் சோறு எதுக்குன்னு எப்படிப் புரியும்?” அவன் யோசித்தான். அடுத்த கூட்டத்துக்கு அவன்தான் நடப்பதற்கு ஏற்ற ஐந்து கிலோமீட்டர் துண்டுகளாகப் பாதையைப் பிரித்துக்கொண்டு வந்தான்.

அமெரிக்காவில் ஃப்ரீமன் டில்டன் என்பவர் 1957-இல் வரலாற்று இடங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் துறைக்கு அடிப்படையான ஒரு நூல் எழுதினார். பார்க்க வருகிறவருக்குத் தகவலை ஊட்டிவிடுவதோடு வேலை முடிவதில்லை, அவர் மனத்தைத் தூண்டிவிடவேண்டும் என்பது அவர் வகுத்த கொள்கைகளில் ஒன்று. சிறுவர்களுக்கான நிகழ்ச்சி, பெரியவர்களுக்கானதைத் தண்ணீர் ஊற்றிப் பெருக்கியதாக இருக்கக்கூடாது, அதற்கு அடியோடு வேறு அணுகுமுறை வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நாம் அதிகம் மீறுகிறோம். மேடைப் பேச்சை அப்படியே பாதியாக வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

அதே நாட்டில் செல்மா–மாண்ட்கோமரி பாதையைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம் பாதைதான் நினைவுக்கு வந்தது. 1965-இல் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காக நடந்த 54 மைல் வழி. 1996-இல் தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவிக்கப்பட்டது. அதன் விளக்க மையம் ஒன்று 2006-இல் லோண்டஸ் மாவட்டத்தில் திறக்கப்பட்டது. வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்ததற்காக நிலத்திலிருந்து துரத்தப்பட்ட குத்தகை விவசாயிகள் கூடாரம் போட்டு வாழ்ந்த இடம் அது. இரண்டு முனை நகரங்களுக்கும் நடுவில், வழியோர ஏழைகள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைச் சொல்ல ஓர் இடம். அப்படி ஒன்று நீடாமங்கலத்திலோ திருத்துறைப்பூண்டியிலோ இருக்கவேண்டாமா?

எங்கள் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ‘பொட்டலச் சோறு’ என்று பெயர் வைத்த பாடம். நான் வகுப்பில் செய்துவந்ததையே விரித்து எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளை ஆற்றங்கரையில் உட்காரவைக்க வேண்டியது. தார்ன் உத்தரவின் சாரத்தைப் படித்துக் காட்ட வேண்டியது. பிறகு ஒரே கேள்வி: நூறு பேர் நாளை காலை உங்கள் ஊர் வழியாக வருகிறார்கள், சோறு போட்டால் ஆறு மாதம் ஜெயில், என்ன செய்வீர்கள்? பதில் சொல்லித் தரக்கூடாது. அவர்களே பேசட்டும்.

அந்தப் பேச்சு எங்கெல்லாம் போகும் என்பதைக் கேட்கவேண்டும். ஒரு பையன், “ஆத்துல தண்ணி ஓடுமே, எப்படிப் பொதைக்கிறது?” என்பான். அங்கே புவியியல் வந்துவிடும். சித்திரையில் படுகை ஆறுகள் மணலாகக் கிடக்கும். மேட்டூர் அணை கட்டி முடிந்ததே 1934-இல்தான். ஒரு பெண், “நூறு பேருக்கு எத்தனை படி அரிசி சார்? ஒரு வீட்ல பொங்குனா பொகை தெரிஞ்சிராதா?” என்பாள். அப்போது நாலைந்து வீட்டில் பிரித்துப் பொங்கவேண்டும் என்று அவளே கண்டுபிடிப்பாள். ஒரு வீட்டுக்காரருக்குப் பயம் வந்து சொல்லிவிட்டால்? யாரை நம்புவது? எந்தத் தெருச் சோற்றை எந்தத் தெருக்காரர் தொடுவார்? கடைசிக் கேள்வி வரும்போது ஆசிரியர் நகர்ந்துவிடக்கூடாது. கதரோடு தீண்டாமை ஒழிப்பையும் வழிநெடுகச் சொல்லிப்போன யாத்திரை அது. சாதி பேசப்படாத யாத்திரைப் பாடம் பொய்ப் பாடம்.

பிறகு வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லவேண்டும். நாலு பேரில் மூன்று பேர் எங்கள் கொள்ளுத்தாத்தாதான் சோறு கட்டினார் என்று எழுதிவருவார்கள். அது அத்தனையும் உண்மையாக இருக்க வழியில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. யார் யாரிடம் கேட்டுச் சொன்னார், நேரில் பார்த்தவர் யார், வேறு யாரும் அதையே சொல்கிறார்களா, எழுத்தில் எங்காவது இருக்கிறதா. என் அப்பாயி சொன்ன புளியமரக் கதையையும் இந்தச் சல்லடையில் போடத்தான் வேண்டும். பிள்ளைகளோடு சேர்ந்து போட்டிருக்கிறேன். அது அவர் மாமியார் சொன்ன கதை என்பது வரைக்கும்தான் போக முடிந்தது; அந்த அளவோடுதான் அதைச் சொல்கிறேன்.

அந்த மரம் இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் பக்கத்துப் புளியமரங்கள் வரிசையாகப் போய்விட்டன. இது என்னை இன்றைக்கும் வாட்டுகிறது. மரத்தில் சோறு தொங்கிய பாதையில் நிழலுக்குக்கூட மரம் இல்லையென்றால் பிள்ளைகள் எப்படி நடப்பார்கள்? அதனால் விளக்கப் பலகை வைக்கும் ஒவ்வோர் இடத்திலும் மரம் நடுவது திட்டத்தின் முதல் வேலையாக இருக்கவேண்டும் என்று வாதாடினேன். பலகைக்கு முன்னால் மரம். புங்கன், வேம்பு, இடம் இருந்தால் புளி. அதேபோல் குடிதண்ணீர், பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை. ஐந்து கிலோமீட்டர் துண்டு ஒவ்வொன்றும் ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்கி இன்னொரு பள்ளிக்கூடத்தில் முடியும்படி பிரித்தால் இரண்டும் கிடைத்துவிடும். இது பெரிய செலவும் இல்லை.

பலகைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்பு ஓர் ஊரில் வைத்த பலகையில் திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் பெயர்கள் முக்கால் பங்கு இடத்தை எடுத்துக்கொண்டன. 1930-இல் அந்த ஊரில் நடந்தது கடைசி இரண்டு வரியில், எட்டாம் வகுப்புப் பிள்ளை எட்டிப் பார்த்தாலும் தெரியாத உயரத்தில். புதிய பலகை பிள்ளையின் கண்மட்டத்தில் இருக்கட்டும். ஐம்பது, அறுபது சொல்லுக்கு மேல் வேண்டாம். அந்த ஊரில் நடந்தது மட்டும் இருக்கட்டும்.

அகஸ்தியம்பள்ளிக்குப் போவது இப்போது எளிதாகியிருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து 37 கிலோமீட்டர் ரயில் பாதை அகலப்பாதையாகி 2023-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. பிள்ளைகளை ரயிலில் அழைத்துப்போய் உப்பளத்தில் இறக்கிவிடலாம். தூணைப் பார்த்து மாலை போட்டுவிட்டுத் திரும்பிவிடாமல் பாத்தியில் இறங்கவேண்டும். கடல்நீர் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் கெட்டிப்பட்டு, உப்புப் பூத்து, வாரி எடுத்து அம்பாரமாகக் குவிகிற வேலையை அதைச் செய்கிறவர்கள் வாயால் கேட்கவேண்டும்.

ஒருமுறை பிள்ளைகளோடு போயிருந்தபோது, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாத்தி வரப்பில் நின்ற பெண்ணிடம், “அக்கா, கால் எரியாதா?” என்று கேட்டாள்.

“எரியும் கண்ணு. மொதல்ல வெடிக்கும், அப்பறம் காய்ச்சிப் போயிரும். கண்ணுதான் ரொம்பக் கூசும், வெள்ளையப் பாத்துப் பாத்து.”

“மழைக்காலத்துல என்ன பண்ணுவீங்க?”

“என்னத்தப் பண்ணுறது? உப்பு இல்ல, வேலையும் இல்ல. வேற வேலை கெடைச்சாப் போவோம்.”

திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை ரயிலில் பேசவே இல்லை. ஊர் நெருங்கும்போது, “சார், அப்ப வரி போட்டான், அதனால நடந்தாங்க. இப்ப இந்த அக்காவுக்காக யாரு நடப்பா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அதைக் கட்டுரையாக எழுதச் சொன்னேன். டில்டன் சொன்ன தூண்டுதல் இதுதான் என்று நினைக்கிறேன்.

வரியைக் கணக்குப் பாடத்தில் சேர்க்கலாம். 1930-இல் ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, வரி 1 ரூபாய் 4 அணா. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்று சொல்லிவிட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளையே கிலோவுக்கு அரையணாவுக்குச் சற்று மேல் என்று போட்டுவிடும். வயல்கூலி நாளுக்குச் சில அணாக்களாக இருந்த காலம். கஞ்சிக்குப் போடும் உப்புக்கும் பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே வரி கட்டினார்கள் என்பதை அந்தக் கணக்கு சொல்லிவிடும்.

இனி, கொஞ்சம் கூச்சமான விஷயம். கூட்டங்களில் இதைப் பேச எல்லோரும் தயங்குகிறார்கள். தமிழ்நாட்டில் ராஜாஜி பெயரை எடுத்தால் 1938 இந்தித் திணிப்பும் 1953 குலக்கல்வித் திட்டமும் கூடவே வரும். வரத்தான் வேண்டும். என் மாணவர்களில் பலருடைய வீடுகளில் அந்தக் கோபம் இன்றைக்கும் இருக்கிறது. அது நியாயமான கோபம் என்றே நான் நினைக்கிறேன். அதற்காக 1930-ஐ மூடிவைக்க முடியாது, 1930-க்காக மற்றவற்றை மறைக்கவும் கூடாது. இந்தப் பாதையை ஒரே மனிதரின் புகழ்ப்பாதையாக ஆக்கியதால்தான் பாதி ஊர் அதை ஒதுக்கியது, மீதி ஊர் மாலை போட்டு முடித்துக்கொண்டது. வழியோர மக்களின் பாதையாக அதைச் சொன்னால் யாரும் ஒதுங்கவேண்டியதில்லை.

சொல்வதற்கு ஆட்கள் எத்தனையோ பேர். வேதாரண்யத்தில் யாத்திரையை வரவேற்றுத் தாங்கிய வேதரத்தினம் பிள்ளை பின்னாளில், 1946-இல், அதே ஊரில் பெண்பிள்ளைகளுக்காகக் கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலத்தைத் தொடங்கினார். உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகச் சிறை சென்ற முதல் பெண் என்று சொல்லப்படும் ருக்மணி லட்சுமிபதி கைதானது இந்த வேதாரண்யப் போராட்டத்தில்தான். பிள்ளைகளின் மனத்தில் இவர்களைவிட ஆழமாகத் தங்குகிறவர் வைரப்பன். முடிதிருத்தும் தொழிலாளி. முகம் மழிக்க வந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை மடித்துவிட்டார். மிரட்டியும் மசியவில்லை. நீதிபதி முன் நிறுத்தினார்கள், அங்கேயும் மீதியை மழிக்க மறுத்துச் சிறைக்குப் போனார். வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்களில் பலர் அதைப் பார்க்காமலேயே கோடியக்கரைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகளை அங்கே நிறுத்தி, அவர் தொழிலையும் அந்தத் தொழில் செய்தவர்களை ஊர் எங்கே வைத்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சொன்னால்தான் அவருடைய துணிச்சலின் அளவு தெரியும்.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. யாத்திரை நடந்தது ஏப்ரலில். பள்ளிகளுக்கு அது ஆண்டுத் தேர்வுக் காலம். அதனால் உப்பளப் பயணத்தைப் பிப்ரவரிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறோம். அப்போதே பாத்திகளில் உப்பு விளையத் தொடங்கிவிடும், வெயிலும் கடுமையாக இருக்காது. பொட்டலச் சோற்றுப் பாடம் எந்த மாதத்திலும் நடத்தலாம். நடை மட்டும் ஏப்ரலில்தான் இருக்கவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை அந்த வழியில் உள்ள பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். திட்டம் அச்சாகி, நிதி வந்து, பலகை நடப்படும் வரை காத்திருக்கவேண்டாம். வருகிற ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உங்கள் வகுப்பைக் கூட்டிக்கொண்டு அடுத்த ஊர்ப் பள்ளி வரை ஐந்து கிலோமீட்டர் நடந்து போங்கள். எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். சாப்பாட்டை அந்த ஊர்க்காரர்களிடம் சொல்லிவையுங்கள், கட்டித் தருவார்கள்.